ஊர் முழுக்க இலவச இசை விழா: அமைப்பாளர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நாளில் நகரம் முழுக்க இலவசமாக இசை நடக்கும் விழாவுக்குச் சில வருடங்களாக ஒருங்கிணைப்பாளராக ஓடிக்கொண்டிருக்கிறேன். போனிலும் கூட்டங்களிலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தனித்தனியாகச் சொல்லும்போது ஒவ்வொருவரிடமும் எதையாவது சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதுவும் ஒரு கச்சேரிதானே? பெரிய மைதானத்துல மேடை போட்டு நடத்துறதா?

மைதானமும் மேடையும் இல்லாமலேயே நடக்கும். நூலகப் படிக்கட்டில் ஒரு புல்லாங்குழல், பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளின் குழுப்பாடல், கடை வாசலில் கித்தாரோடு இருவர், ரயில் நிலைய வெளிமுற்றத்தில் ஒரு டிரம்ஸ் குழு என்று அன்றைக்குக் காலையிலிருந்து இரவு வரை பத்து, ஐம்பது, சில ஊர்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் இசை நடக்கும். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், நடந்து போகிறவர்கள் நின்று கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம்.

இதை யாரு முதல்ல ஆரம்பிச்சது?

பிரான்சில் 1982-ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று 'ஃபெத் த லா மியூசிக்' (இசை விழா) என்ற பெயரில் முதல் முறையாக நடந்தது. அப்போது கலாச்சார அமைச்சர் ஜாக் லாங். அவருடைய அமைச்சகத்தில் இசை, நடனத் துறைக்கு இயக்குநராக இருந்தவர் மோரிஸ் ஃப்ளூரே. பிரெஞ்சு மக்களின் கலைப் பழக்கங்கள் பற்றி அப்போது எடுத்த கணக்கெடுப்பில், ஐம்பது லட்சம் பேர் ஏதாவது ஓர் இசைக்கருவி வாசிக்கிறார்கள், இளைஞர்களில் இரண்டில் ஒருவருக்கு வாசிக்கத் தெரியும் என்று தெரியவந்தது. இத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்றால் எல்லோரும் எங்கே வாசிக்கிறார்கள்? வீட்டுக்குள்தான். அவர்களைத் தெருவுக்குக் கூப்பிடுவோம் என்பதுதான் யோசனை. முதல் வருடம் இரவு எட்டரை மணி முதல் ஒன்பது மணி வரை, அரை மணி நேரம் வாசியுங்கள் என்றுதான் அழைத்தார்கள்.

அதற்கும் முன்னால், 1976-இல், ஜோயல் கோயன் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்தபோது, ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் சமயத்தில் இரவு முழுக்க இசை என்ற யோசனையைச் சொல்லியிருந்தார். 1985-க்குப் பிறகு இது மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவியது, பெர்லினில் 1995-இல், நியூயார்க்கில் 2007-இல் ஆரம்பித்தார்கள். இன்று நூறு நாடுகளுக்கு மேல் நடக்கிறது. அதே 2007-இல் அமெரிக்காவின் இதாகா நகரத்தில் போர்ச்ஃபெஸ்ட் என்று இன்னொரு வகை தொடங்கியது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையை மேடையாகக் கொடுப்பார்கள், கேட்பவர்கள் வீடு வீடாக நடந்து போவார்கள்.

அப்ப ஜூன் 21-ஆம் தேதிதான் வைக்கணுமா?

உலகம் முழுக்க நடக்கும் அந்த விழாவின் பெயரில் செய்தால், ஆமாம். 1997-இல் புடாபெஸ்டில் பல நகரங்களின் அமைப்பாளர்கள் கூடி ஒரு சாசனம் போட்டார்கள். ஜூன் 21 அன்று நடக்க வேண்டும், எல்லா நிகழ்ச்சிகளும் இலவசம், எந்த வகை இசைக்கும் இடம் உண்டு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சொந்தப் பெயரில் செய்கிறீர்கள் என்றால் உங்கள் ஊர் வானிலைக்கும் தேர்வுக் காலத்துக்கும் ஏற்ற தேதியை வையுங்கள். ஒரு தேதியைப் பிடித்தால் வருடா வருடம் அதை விடாதீர்கள், அது மட்டும் போதும். தேதி மாறிக்கொண்டே இருந்தால் வாசிப்பவர்கள் மனதில் பதியாது.

எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. நான் அமைப்பாளரா இருக்க முடியுமா?

தாராளமாக முடியும். எனக்குத் தெரிந்த நல்ல அமைப்பாளர்கள் பலர் பட்டியல் போடுவதிலும் போன் பேசுவதிலும் கெட்டிக்காரர்கள், இசை அவர்களுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். வேலையின் மையம் இரண்டு பட்டியல்கள். ஒன்றில் வாசிக்க விரும்புகிறவர்கள், இன்னொன்றில் இடம் கொடுக்க விரும்புகிறவர்கள். யாரை எங்கே, எத்தனை மணிக்கு என்று பொருத்துவதுதான் அமைப்பாளரின் வேலை. மென்மையான வயலினை பஸ் நிற்கும் முனையில் வைத்தால் அவரும் பாவம், கேட்பவரும் பாவம். டிரம்ஸ் குழுவை மருத்துவமனைக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த வருடத்தோடு விழாவே முடிந்துவிடும்.

இந்தப் பொருத்தம் பார்ப்பதில்தான் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஊரில் இசை ஏற்கெனவே இருக்கிறது, நாம் அதை உண்டாக்கவில்லை. கதவைத் திறந்துவிடுகிறோம்.

நான் வீட்டுல மட்டும்தான் வாசிப்பேன், மேடையே ஏறினதில்ல. என்னையெல்லாம் சேர்ப்பீங்களா?

உங்களுக்காகத்தான் இந்த விழாவே. ஒரு வருடம் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர் பதிவுப் படிவத்தை நிரப்பிவிட்டு ரத்து செய்தார், மறுபடி நிரப்பினார், மறுபடி ரத்து செய்தார். மூன்றாவது முறை நானே போன் செய்தேன். மவுத் ஆர்கன் வாசிப்பாராம், மனைவியைத் தவிர யாரும் கேட்டதில்லையாம். மைக் வேண்டாம், நூலகப் படிக்கட்டில் இருபது நிமிடம் போதும் என்று முடிவு செய்தோம். முதல் பாட்டில் அவர் கை நடுங்கியது எனக்கு நாலு படி கீழே இருந்தே தெரிந்தது. இரண்டாவது பாட்டில் ஒரு சின்னப் பெண் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளம் போட்டாள். முடிந்ததும் கைக்குட்டையால் மவுத் ஆர்கனைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் இதே படிதானே தம்பி?" என்று கேட்டார்.

அதனால் தேர்வு வைக்காதீர்கள். வைக்கச் சொல்லி யாராவது கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதியவர்களுக்குச் சின்ன இடமும் குறைந்த நேரமும் கொடுங்கள், பக்கத்தில் ஒரு தன்னார்வலரை நிறுத்துங்கள்.

எத்தனை மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்? எத்தனை பேர் வேணும்?

முதல் முறை என்றால் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பெடுக்க நாலைந்து பேர் போதும்: இடங்களுக்கு ஒருவர், வாசிப்பவர்களுக்கு ஒருவர், அனுமதிக்கு ஒருவர், பணத்துக்கும் கணக்குக்கும் ஒருவர், செய்தி பரப்ப ஒருவர். விழா நாளன்று மட்டும் இடத்துக்கு ஒரு தன்னார்வலராவது வேண்டும். முதல் வருடம் பத்து இடத்துக்கு மேல் போகாதீர்கள். ஐம்பது இடம் அறிவித்து இருபதில் ஆளில்லாமல் போனால், தேடி வந்தவர் அடுத்த வருடம் வரமாட்டார்.

எல்லாம் இலவசம்னா காசு யார் குடுக்குறாங்க?

கேட்பவருக்குத்தான் இலவசம், நடத்துபவருக்குச் செலவு உண்டு. அனுமதிக் கட்டணம், காப்பீடு, ஒலிபெருக்கி வாடகை, பாட்டு உரிமத்தொகை, அச்சு, தண்ணீர், தன்னார்வலர்களின் சாப்பாடு. உள்ளாட்சி உதவி, கலை அறக்கட்டளைகளின் நிதி, கடைக்காரர்களின் சிறு நன்கொடை, இசைக்கருவிக் கடைகள் இரவலாகக் கொடுக்கும் கருவிகள் என்று பல கையிலிருந்து சேர்ப்பதுதான் வழக்கம். ஒரே ஆள் முழுச்செலவையும் ஏற்கிறேன் என்றால் முதலில் நிம்மதியாகத்தான் இருக்கும். அவர் விலகும் வருடம் விழா நின்றுவிடும். பத்து பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது கூடுதல் வேலை என்றாலும் அதுவே பாதுகாப்பு.

செலவைக் குறைக்க நல்ல வழி, முடிந்த இடங்களில் எல்லாம் மைக்கே இல்லாமல் நடத்துவது. மின்சாரம், ஜெனரேட்டர், கேபிள், கூலி என்று பாதிச் செலவு அதிலேயே போய்விடும். பல ஊர்களில் ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு அனுமதி விதிகளும் இலகுவாக இருக்கும்.

இடம் எப்படிப் பிடிக்கறது? கடைக்காரங்க எல்லாம் ஒத்துக்குவாங்களா?

கடிதம் எழுதினால் பதில் வராது, நேரில் போக வேண்டும், அதுவும் வியாபாரம் மந்தமான நேரத்தில். "உங்கள் வாசலில் ஒரு மணி நேரம், இருவர், மைக் இல்லை, முடிந்ததும் நாங்களே கூட்டிவிட்டுப் போவோம்" என்று நேரடியாகச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். பொது நூலகம், பள்ளி, பூங்கா, வழிபாட்டுத் தலத்தின் வெளிமுற்றம், முதியோர் இல்லம் ஆகியவற்றையும் விடாதீர்கள். முதியோர் இல்லத்தில் கேட்பவர்கள் வெளியே வர முடியாது, அதனால் அங்கே இசையே உள்ளே போக வேண்டும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். ஒரு கடை உரிமையாளர் தன் கடையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாலை ஆறு மணிக்கு, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, கடைப் பையன் வழக்கம்போல ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். பிளக் உள்ளே மாட்டிக்கொண்டது, அவன் போகும்போது மெயினையும் அணைத்துவிட்டதால் பாதிப் பாட்டில் எல்லாம் நின்றது. உரிமையாளர் அவனிடம் சொல்லவே இல்லை. பாடிக்கொண்டிருந்த பெண் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வந்து மீதியைப் பாடி முடித்தார், அதை என்னால் மறக்க முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து சம்மதம் கொடுத்தவரோடு நிறுத்தாமல், அன்றைக்குச் சாவி யார் கையில் இருக்குமோ அவரிடமும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

அனுமதி எங்கெல்லாம் வாங்கணும்?

ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் பட்டியல் ஒன்றை அப்படியே சொல்ல முடியாது. பொதுவாக உள்ளாட்சி அலுவலகம், காவல்துறை, சாலையை அடைத்தால் போக்குவரத்துப் பிரிவு, பூங்கா என்றால் அதைப் பராமரிக்கும் துறை. தனியார் இடத்துக்கு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம். எல்லா இடங்களையும் ஒரே வரைபடத்தில் குறித்து, நேரம், ஒலிபெருக்கி உண்டா இல்லையா, பொறுப்பாளர் போன் நம்பர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தால் அதிகாரிகளுக்கும் வேலை குறையும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எந்த வழியாகப் போகும் என்பதை அந்த வரைபடத்தில் நீங்களே காட்டிவிடுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அடுத்தவங்க பாட்டைப் பாடினா காசு கட்டணுமா? டிக்கெட்டே இல்லையே!

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். டிக்கெட் இல்லை என்பதாலேயே பொது இடத்தில் பாடும் உரிமை தானாகக் கிடைத்துவிடாது. பணம் வாங்காத கலைஞர், கட்டணம் இல்லாத நிகழ்ச்சி என்றால் சில நாடுகளின் சட்டத்தில் விலக்கு உண்டு, பல நாடுகளில் கிடையாது. பிரான்சில் சாசெம் போல, நாட்டுக்கு நாடு இசை உரிமை வசூலிக்கும் சங்கங்கள் இருக்கின்றன. பாடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தனியாக அலைவதை விட, அமைப்பாளரே முழு விழாவுக்கும் ஒரே உரிமமாக வாங்குவதுதான் முறை. சமூக விழா என்று சொல்லிக் கேட்டால் தொகையைக் குறைக்கவும் வாய்ப்பு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

பழைய பாட்டுக்குக் காசு வேண்டாமே என்பார்கள். எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தப்படி படைத்தவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு உரிமை உண்டு, இந்தியாவில் 60, ஐரோப்பிய நாடுகளில் 70. இசையமைத்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்றால் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும். நாட்டுப்புறப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் அதை ஒருவர் புதிதாக அமைத்திருந்தால் அந்த அமைப்புக்கு உரிமை இருக்கலாம். அப்புறம், வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது தனி உரிமை, மேலே சொன்ன உரிமத்தில் அது அடங்காது.

அக்கம்பக்கத்துல சத்தம்னு சண்டைக்கு வந்தா?

வருவதற்கு முன்னால் நீங்கள் போய்விடுங்கள். ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் உள்ள வீடுகளுக்கு ஒரு துண்டுச்சீட்டு: எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், தொந்தரவு என்றால் எந்த நம்பருக்குக் கூப்பிடலாம். அந்த நம்பரை அன்றைக்கு ஒருவர் எடுத்துப் பேச வேண்டும். முடியும் நேரம் எட்டு மணி என்றால் எட்டு மணிதான், "கடைசி ஒரே ஒரு பாட்டு" கிடையாது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அதாவது ஸ்பீக்கருக்கு 5 மீட்டரில் 90 டெசிபல் என்றால் 40 மீட்டரில் ஏறக்குறைய 72. நேர்த்தெருவில் இரண்டு குழுக்களை வைத்தால் நூறு மீட்டர் இடைவெளியிலும் ஒன்றோடொன்று கலக்கும், மூலை திரும்பி வைத்தால் கட்டடமே மறைத்துவிடும். வேறு வழியில்லை என்றால் ஒரு குழு வாசிக்கும்போது மற்றது ஓய்வு என்று அரை மணிக்கு அரை மணி மாற்றி விடுங்கள். கேட்பவரின் காதையும் பாருங்கள். இசை நிகழ்விடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை வெளியிட்டது. தெருவில் அந்த அளவுக்குப் போக வேண்டிய அவசியமே வராது. ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் குழந்தைகளை உட்காரவிடாதீர்கள்.

நூறு பேர் சேர்ந்து ஒரே பாட்டை வாசிக்கிற மாதிரி ஒண்ணு வைக்கலாமா?

கண்டிப்பாக வையுங்கள், விழாவிலேயே மக்கள் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் ஒரு சிக்கல். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு கித்தார்காரர்களை 34 மீட்டர் வரிசையில் நிறுத்தினால், ஒரு கோடியில் உள்ளவர் வாசிப்பது மறுகோடிக்குப் போக பத்தில் ஒரு விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டே அரை விநாடிதான், அதில் பத்தில் ஒரு விநாடி பிசகினால் காதுக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் பக்கத்தில் கேட்பதைப் பின்பற்றுவார்கள், பாட்டு மெதுவாகிக்கொண்டே போய் இழுபடும்.

அதனால் நீள வரிசையாக நிறுத்தாமல் நெருக்கமான வட்டமாக நிறுத்துங்கள். எல்லோருக்கும் தெரியும் உயரத்தில் ஒருவர் நின்று கையால் தாளம் காட்டட்டும், வாசிப்பவர்கள் காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பட்டும். வேகம் குறைந்த, மூன்று நான்கு சுரங்களில் முடியும் எளிய பாட்டாக எடுங்கள். முதல் நாள் வாங்கிய கருவியோடு வருகிறவரும் சேர்ந்துகொள்ள முடிய வேண்டும்.

மழை வந்தா என்ன பண்றது?

ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் கூரை உள்ள மாற்று இடம் ஒன்றை முதலிலேயே எழுதி வையுங்கள். விழாவை ஒத்திவைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம், ஏனென்றால் அத்தனை பேரும் இன்னொரு நாள் கிடைக்கமாட்டார்கள். மின்சாரம் எடுக்கும் இடங்களில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே தானாக அணையும் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள், உயரமாக வைத்து மூடுங்கள். தூறல் விழுந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அப்புறம்தான் கருவிகளைத் தொட வேண்டும். இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம். இதில் யார் கெஞ்சினாலும் இறங்காதீர்கள்.

கலைஞர்களுக்குக் காசு குடுக்காம வாசிக்க வைக்கிறது சுரண்டல் இல்லையா?

எனக்கு வரும் கேள்விகளில் நான் அதிகம் மதிக்கும் கேள்வி இது. இசையே பிழைப்பாக இருப்பவரிடம் "உங்களுக்கு விளம்பரம் கிடைக்கும்" என்று சொல்லி ஓசியில் வாசிக்கக் கேட்பது தப்பு, அதை நான் எங்கும் ஆதரிக்கமாட்டேன். இந்த விழாவின் அடிப்படை வேறு. தானாகக் கை தூக்கியவர், தனக்குப் பிடித்ததை, தான் சொன்ன நேரம்வரை வாசிக்கிறார். மூன்று மணி நேரம் வாசி, இந்தப் பாட்டைத்தான் வாசி, இந்தச் சட்டையைப் போடு என்று நாம் சொல்லத் தொடங்கினால் அது வேலை, வேலைக்குக் கூலி உண்டு.

நான் வைத்திருக்கும் கோடு இது. நாமே ஒருவரைத் தேடிப் போய் அழைத்தால் பணம் கொடுக்க வேண்டும். பயிற்சிப் பட்டறை நடத்துபவர், நூறு பேருக்குத் தாளம் காட்டுபவர், ஒலி அமைப்பவர் எல்லோருக்கும் பணம் உண்டு. ஒரு நிறுவனம் தன் வாசலுக்குக் கூட்டம் சேர்க்க ஒரு குழுவைக் கேட்டால், அந்தக் குழுவுக்கு அந்த நிறுவனமே கொடுக்கட்டும். கேட்பவர்கள் விருப்பப்பட்டுப் போடும் பணம் முழுக்க வாசிப்பவருக்கே, அதில் விழாக் குழு ஒரு காசும் எடுக்கக் கூடாது.

பணம் குடுக்கிற கம்பெனி ஊர் முழுக்க அவங்க பேனரைக் கட்டச் சொல்றாங்க, என்ன பண்ண?

வரைபடத்தில் பெயர் போடலாம், நன்றிப் பலகையில் போடலாம். வாசிப்பவரின் தலைக்கு மேல் வேண்டாம். விளம்பரத்துக்காகச் சம்பளமில்லாமல் வாசித்தது போல ஆகிவிடும், மேலே சொன்ன கேள்வி அப்போது நியாயமாகிவிடும். இதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தேர்வே இல்லன்னா, யாராவது வந்து ஒரு சமூகத்தைத் திட்டிப் பாடினா?

தேர்வு இல்லை என்றால் விதியே இல்லை என்று அர்த்தம் இல்லை. பதிவுப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்: எந்த இசையும் சரி, யாரையும் இழிவுபடுத்தும் வரிகள் கூடாது, தேர்தல் பிரச்சாரம் கூடாது, சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும். பக்திப் பாட்டு, எதிர்ப்புப் பாட்டு, காதல் பாட்டு எல்லாம் வரட்டும். விதி மீறினால் அந்த இடத்தின் பொறுப்பாளர் நிறுத்தலாம் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அன்றைக்குத் தன்னார்வலருக்குத் தைரியம் வரும். எனக்குத் தெரிந்து, ரசனையைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது. "இது இசையே இல்லை" என்று யாருக்காவது தோன்றினால் அவர் அடுத்த தெருவுக்குப் போகட்டும்.

ஒரு இடத்துல கேட்க ஒருத்தர்கூட வரலைன்னா, வாசிக்கிறவங்க மனசு உடைஞ்சிடாதா?

உடையும், பார்த்திருக்கிறேன். அதனால் இடங்களைத் தனித்தனியாகச் சிதறவிடாமல், நடந்து போகும் தூரத்தில் மூன்று நான்காகச் சேர்த்து வையுங்கள். ஒன்றைக் கேட்டு முடித்தவர் அடுத்ததற்கு வருவார். அடுத்து வாசிக்க வேண்டியவரை அரை மணி முன்னதாகவே வரச் சொல்லுங்கள், அவரும் அவர் வீட்டாரும் முன்னவருக்குக் கூட்டமாக இருப்பார்கள். அப்படியும் யாருமில்லை என்றால் நீங்கள் போய் உட்காருங்கள். விழா நாளில் நான் சட்டைப்பையில் வைத்திருக்கும் பட்டியலில், கூட்டம் வராது என்று பயப்படும் இடங்களைத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

எல்லாத்தையும் நீங்களே பண்றீங்களே, நீங்க இல்லன்னா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதற்கு முன் நானே கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எந்தக் கடையில் யாரிடம் சாவி, எந்தப் பூங்காவில் பிளக் வேலை செய்யாது, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். விழா முடிந்த வாரமே குழுவாக உட்கார்ந்து எழுதிவிடுவோம், ஒரு மாதம் போனால் பாதி மறந்துவிடும். போன வருடம் அனுமதி வேலை முழுவதையும் இரண்டு பேர் அந்த நோட்டை வைத்தே முடித்தார்கள், நான் கையெழுத்துப் போட மட்டும் போனேன். இந்த வருடம் அதற்கும் போகப்போவதில்லை, அந்த ஒரு மணி நேரம் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்கப்போகிறேன்.